வீட்டுல சீஸ் சரியா வரலையா? 31 லிட்டர் பால் போனதுக்கப்புறம் கத்துக்கிட்டது

சித்திரைத் திருவிழா முடிஞ்ச கையோட ஒரு ஞாயித்துக்கிழமை மொசரெல்லா (பீட்சா மேல நூலா இழுபடுற சீஸ்) செய்யலாம்னு உக்காந்தேன், ஒழுங்கா இழுபடுற மாதிரி ஒரு உருண்டை கைக்கு வந்தப்ப ஆடி பொறந்திருச்சு. நடுவுல போனது மொத்தம் 31 லிட்டர் பால், நோட்டுல எழுதி வச்சிருக்கேன். வீடியோவுல பாத்தா அரைமணி நேரத்துல முடிச்சிர்றாங்க, ஆனா அவங்க பால் வேற, தண்ணி வேற, அவங்க ஊரு வெயிலும் வேற. ஒவ்வொரு தடவை கெட்டுப்போனப்பயும் நான் ரென்னட்டைத்தான் (பாலைக் கட்டியா உறைய வைக்கிற நொதி) சந்தேகப்பட்டேன், மூணு தடவை மாத்தி மாத்தி வாங்கினேன், கடைசியில பாத்தா முக்காவாசி தடவை தப்பு பால்லதான் இருந்துச்சு. அதனால இதுல பாலைப் பத்தித்தான் நிறைய இருக்கும், பொறுமையாப் படிங்க. மதுரையில, சுத்துப்பட்டுல இருந்து செய்றவங்களை மனசுல வச்சுத்தான் எழுதுறேன்.

1. எந்த சீஸ்ல ஆரம்பிக்கிறது

முதல்ல ரெண்டு தடவை பன்னீர் செய்ங்க. பன்னீருக்கு ரென்னட் வேணாம், எலுமிச்சம்பழம் போதும், அதுல உங்க பால்ல எவ்வளவு சத்து இருக்குன்னு தெரிஞ்சிரும். 1 லிட்டர் பசும்பால்ல 150லேர்ந்து 200 கிராம் வரைக்கும் பன்னீர் வரணும். 120 கிராம்தான் வருதுன்னா பால்ல தண்ணி இருக்கு, அந்தப் பாலை வச்சு மொசரெல்லா பண்ணப் போகாதீங்க.

அடுத்து சிட்ரிக் ஆசிட் போட்டு செய்ற மொசரெல்லா. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பத்தித்தான்.

செடார், கௌடா மாதிரி மாசக்கணக்குல வச்சுப் பழுக்க விடுறதை முதல் வருஷம் தொடாதீங்க. அதுக்கு 10லேர்ந்து 13 டிகிரி குளிரும் 80, 85 சதவீத ஈரப்பதமும் விடாம வேணும். நம்ம வீடு மே மாசத்துல 35 டிகிரி, ஃப்ரிட்ஜ் உள்ள 4 டிகிரி, ரெண்டுக்கும் நடுவுல எதுவும் கிடையாது. கொடைக்கானல்ல இருக்கறவங்களுக்கு அந்தக் குளிர் ஓரளவுக்குத் தானாக் கிடைக்கும், நமக்கு பழைய ஃப்ரிட்ஜ் ஒண்ணுல தனி டெம்பரேச்சர் கண்ட்ரோலர் மாட்டினாத்தான் உண்டு. அது தனிச் செலவு, தனி வேலை.

2. பால் - இங்கதான் எல்லாரும் வழுக்குறது

காய்ச்சின பால் ஆகாது. நம்ம வீடுகள்ல பால் வந்ததும் அடுப்புல ஏத்திப் பொங்க வச்சு இறக்குறது கையோட ஊறின பழக்கம். என் முதல் ரெண்டு முயற்சியும் போனது இதுலதான், நான் எழுந்து வர்றதுக்குள்ள அம்மா பாலைக் காய்ச்சி ஆற வச்சிருந்தாங்க, அதுல ஒரு தப்பு இருக்கும்னு எங்க ரெண்டு பேருக்குமே தோணல. பால் நல்லா கொதிச்சா அதுல இருக்கற வே புரதம் (வடியிற தண்ணியோட போற புரதம்) உருக்குலைஞ்சு, கட்டியா உறையிற கேசின் புரதம் மேல போய் ஒட்டிக்கும், அப்புறம் ரென்னட் வேலை செய்ற இடம் அடைபட்டுப் போயிரும். பன்னீருக்கு இது நல்லது, ரென்னட் போடுற சீஸுக்கு இதுதான் எதிரி.

அட்டைப் பெட்டியில வர்ற, ஃப்ரிட்ஜ்ல வைக்காம மாசக்கணக்குல தாங்குற பாலும் அதே கதைதான். அதை 135 டிகிரிக்கு மேல சூடாக்கி இருப்பாங்க. லேபிள்ல யுஎச்டின்னு போட்டிருந்தா சீஸுக்கு வாங்காதீங்க, எவ்வளவு ரென்னட் ஊத்தினாலும் கொழகொழன்னுதான் நிக்கும்.

பாக்கெட் பால் வாங்குறதா இருந்தா கொழுப்பு எவ்வளவுன்னு பாருங்க. ஆவின்ல நீலம் 3 சதவீதம், பச்சை 4.5, ஆரஞ்சு 6. கொழுப்பு கூட இருந்தா நல்ல சீஸ் வந்திரும்னு நானும் நினைச்சேன், ஆனா கட்டி உறையிறது புரதத்தால, கொழுப்பு ருசிக்கும் மென்மைக்கும்தான். எந்தக் கம்பெனி பாக்கெட்டா இருந்தாலும் ஹோமோஜெனைஸ் பண்ணினதான்னு (ஏடு தனியா மிதக்காம கொழுப்பைப் பொடியாக்கிக் கலந்ததான்னு) தெரிஞ்சுக்க ஒரு சின்ன வழி இருக்கு: ஒரு டம்ளர்ல ஊத்தி ராத்திரி பூரா ஆடாம ஃப்ரிட்ஜ்ல வைங்க. காலையில மேல ஏடு மாதிரி மஞ்சளா ஒரு படலம் கட்டியிருந்தா ஹோமோஜெனைஸ் பண்ணாத பால். அடியிலேர்ந்து மேல வரைக்கும் ஒரே மாதிரி இருந்தா பண்ணினது, அதுல கட்டி வரும், ஆனா தளர்வா இருக்கும், வெட்டும்போது பொடிப்பொடியா உடையும்.

நல்லது எதுன்னா காலையில கறந்த பால். அலங்காநல்லூர், மேலூர், உசிலம்பட்டி பக்கம் சொந்தக்காரங்க இருந்தா நேரடியா வாங்கிக்கலாம், டவுனுக்குள்ள இருந்தா உங்க பால்காரண்ணே கிட்ட ரெண்டு நாள் முன்னாடியே பேசி வைங்க. நான் கேட்டது இதுதான்: "அண்ணே, ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் ஒரே மாட்டுப் பால் 2 லிட்டர், தண்ணி படாம, 6 மணிக்குள்ள வேணும், லிட்டருக்கு 10 ரூபா கூடத் தர்றேன்." ஒளிக்காம சொல்லிட்டா அவங்களும் ஒளிக்க மாட்டாங்க. பாலோட அடர்த்தியைக் காட்டுற லாக்டோமீட்டர் வாங்கலாம், விலை கம்மிதான், ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. ஏட்டை எடுத்துட்டுத் தண்ணி கலந்தா ரீடிங் சரியாவே காட்டும். கன்னு போட்டு ஒரு வாரம்கூட ஆகாத மாட்டுப் பாலும் வேணாம், சீம்பால் கலந்திருந்தா சூடு பண்ணும்போதே கட்டிக்கும்.

ஆனா கறந்த பாலை அப்படியே பச்சையா உபயோகிக்கவும் கூடாது. மாட்டுக்கு இருக்கற சில நோய் பச்சைப் பால் வழியா மனுசனுக்கும் வரும், புருசெல்லோசிஸ் அதுல ஒண்ணு. காய்ச்சவும் கூடாது, பச்சையாவும் கூடாதுன்னா என்ன பண்றது? பெரிய பாத்திரத்துல தண்ணி வச்சு அதுக்குள்ள பால் பாத்திரத்தை இறக்கி 63 டிகிரிக்குக் கொண்டு வாங்க, அங்கயே 30 நிமிஷம் நிறுத்துங்க, கிண்டிக்கிட்டே இருங்க. 65 தாண்ட விடாதீங்க. உடனே ஐஸ் தண்ணியில பாத்திரத்தை வச்சு ஆற வைங்க. இந்த அரைமணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் பாக்காதீங்க, முக்கியமா வீட்டுல சின்னப் புள்ளைங்களோ மாசமா இருக்கறவங்களோ இருந்தா.

எருமைப் பால்ல கட்டி நிறைய வரும், வெள்ளை வெளேர்னு இருக்கும், ஆனா அதுக்கு சிட்ரிக் ஆசிட் கொஞ்சம் கூடத் தேவைப்படும். முதல் தடவைக்குப் பசும்பாலே போதும்.

3. டம்ளர் டெஸ்ட் - 2 லிட்டரை இறக்குறதுக்கு முன்னாடி

இதை எனக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருந்தா 20 லிட்டராவது மிஞ்சியிருக்கும். தயவுசெய்து இதைத் தாண்டிப் போயிராதீங்க.

நாலு கண்ணாடி டம்ளர் எடுங்க. ஒவ்வொண்ணுலயும் 200 மில்லி பால்: ஒண்ணுல 63 டிகிரிக்கு சூடு பண்ணி ஆற வச்ச கறந்த பால், ஒண்ணுல பாக்கெட் பால், மூணாவதுல அதே பாக்கெட் பாலோட துளி கால்சியம் குளோரைடு (கட்டி நல்லா நிக்க உதவுற உப்பு, கீழ 4ல சொல்றேன்), நாலாவதுல நல்லா காய்ச்சி ஆறின பால். எல்லாமே 32லேர்ந்து 35 டிகிரிக்குள்ள இருக்கணும். 2 லிட்டருக்கு உங்க ரென்னட் பாக்கெட் என்ன அளவு சொல்லுதோ அதை 50 மில்லி ஆறின தண்ணியில கரைச்சு, டம்ளருக்கு 5 மில்லி ஊத்தி ரெண்டு சுத்து கிண்டி விட்டுட்டு கையை எடுத்திருங்க. சித்திரை, வைகாசியில நம்ம ஊர்ல டம்ளர் தானாவே சூடா இருக்கும், மார்கழியில மட்டும் ஒரு சட்டியில வெதுவெதுப்பான தண்ணி வச்சு அதுக்குள்ள இறக்கி வைங்க.

நல்ல பாலும் நல்ல ரென்னட்டும் சேந்தா 15 நிமிஷம் வாக்குல கெட்டிப்பட ஆரம்பிக்கும், 45 நிமிஷத்துக்குள்ள கத்தியைச் சாய்ச்சு விட்டுத் தூக்கினா பாளமாப் பொளந்து நிக்கும், பொளந்த இடத்துல தெளிவாத் தண்ணி ஊறும். நாலு டம்ளருமே உறையலைன்னா தப்பு ரென்னட்லயோ தண்ணியிலயோ இருக்கு. கறந்த பால் மட்டும் உறைஞ்சு மத்தது உறையலைன்னா ரென்னட் மேல பழி போடாதீங்க. மூணாவது டம்ளர் ரெண்டாவதை விட நல்லா நின்னா, உங்க பாக்கெட் பாலுக்கு கால்சியம் தேவைன்னு அர்த்தம். 800 மில்லி பால்ல அம்புட்டும் தெரிஞ்சிரும்.

4. ரென்னட், கால்சியம், தண்ணி

வெஜிடேரியன் ரென்னட்னு மாத்திரையா, பொடியா, திரவமா மூணு விதமா வருது. மதுரையில நான் கேட்ட கடைகள்ல கிடைக்கல, ஆன்லைன்லதான் வாங்கினேன். வெயில் காலத்துல திரவ ரென்னட் ஆர்டர் பண்ணாதீங்க, கூரியர் வண்டியில நாலு நாள் வெந்துட்டு வந்தா பாதி வீரியம் போயிரும். மாத்திரையும் பொடியும் அதை விட நல்லாத் தாங்கும். வந்ததும் தேதி பாத்துட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க. ஒவ்வொரு கம்பெனி ரென்னட்டுக்கும் வீரியம் வேற, அதனால வீடியோவுல சொல்ற ஸ்பூன் கணக்கைப் போடாம உங்க பாக்கெட்ல இருக்கற அளவைப் போடுங்க.

ரென்னட்டைக் கரைக்கிற தண்ணி ரொம்ப முக்கியம். மாநகராட்சிக் குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும், அந்தத் தண்ணியில கரைச்சு வச்சா பால்ல ஊத்துறதுக்குள்ளயே ரென்னட் செத்துப்போகும். மத்தியானம் மாடித் தொட்டியிலேர்ந்து வர்ற தண்ணி சூடா வேற இருக்கும். குடிக்கிற கேன் தண்ணி, இல்லைன்னா காய்ச்சி நல்லா ஆற வச்ச தண்ணி எடுங்க. ஊத்துறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கரைங்க, முந்தின ராத்திரியே கரைச்சு வைக்காதீங்க.

கால்சியம் குளோரைடு ஃபுட் கிரேடுதான் வாங்கணும். பீரோவுல ஈரம் உறிய வைக்கிறது, லேப்ல வச்சிருக்கறது இதெல்லாம் சாப்பாட்டுக்கு இல்ல. 1 லிட்டருக்கு 0.1லேர்ந்து 0.2 கிராம், அதுக்கு மேல போட்டா கசக்கும். கறந்த பாலுக்குத் தேவையே இல்ல. மொசரெல்லாவுக்கு பாக்கெட் பாலா இருந்தாலும் கம்மியாப் போடுங்க, கால்சியம் கூடினா இழுபடுறது குறையும். டப்பாவை இறுக்கி மூடுங்க, காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து அதுவே தண்ணியாப் போயிரும்.

சிட்ரிக் ஆசிட்டுக்கு நம்ம பக்கம் எலுமிச்சை உப்புன்னு பேரு, கீழமாசி வீதிப் பக்கம் மளிகைக் கடை, நாட்டு மருந்துக் கடைகள்ல கேட்டுப் பாருங்க. இதுவும் சாப்பாட்டுக்கானதுதானான்னு கேட்டு, சீல் பண்ணின பாக்கெட்டா வாங்குங்க.

5. அளவுல நடக்கற தப்பு

இங்கிலீஷ் ரெசிப்பி பாத்துச் செய்றவங்க கேலன்ல மாட்டிக்குவாங்க. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். ரெசிப்பி எந்த ஊருதுன்னு தெரியாமப் போட்டா புளிப்பும் ரென்னட்டும் கணிசமா மாறிப்போகும். சூட்டை ஃபாரன்ஹீட்ல சொல்வாங்க: 90ன்னா நமக்கு 32, 105ன்னா 41, 135ன்னா 57. இதைக் கிச்சன் செவுத்துல எழுதி ஒட்டிக்கோங்க.

ரெண்டு சாமானுக்கு மட்டும் காசு போடுங்க. குச்சி மாதிரி இருக்கற டிஜிட்டல் தெர்மாமீட்டர், அப்புறம் 0.01 கிராம் வரைக்கும் காட்டுற சின்னத் தராசு. விரலை விட்டுப் பாத்து "கை பொறுக்கற சூடு"ன்னு தயிருக்கு உறை ஊத்துற கணக்கு இதுக்குச் சரிவராது, நம்ம கை பொறுக்கற சூடு ஆளுக்கு ஆள் 38லேர்ந்து 45 வரைக்கும் போகும். தெர்மாமீட்டர் சரியான்னு பாக்க, டம்ளர் நிறைய ஐஸ் போட்டுக் கொஞ்சம் தண்ணி ஊத்தி அதுக்குள்ள விடுங்க, 0 இல்ல 1 காட்டணும். என்னோட முதல் தெர்மாமீட்டர் 4 காட்டுச்சு, அது தெரியாமலே மூணு வாரம் ஓடிருச்சு.

பாத்திரம் எவர்சில்வர்தான். அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை ரெண்டும் புளிப்புக்கு ஆகாது. புதுசா வாங்கணும்னா வெண்கலக்கடைத் தெருவுல அடிகனமான எவர்சில்வர் சட்டி கேளுங்க, அடி மெலிசா இருந்தா ஒரு பக்கம் மட்டும் சூடேறிரும். வடிகட்ட பழைய வெள்ளைக் காட்டன் வேட்டியில ஒரு துண்டு போதும், கஞ்சி போகத் துவைச்சு, கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்து வெயில்ல காய வைங்க.

இட்லித் துணியை எடுக்காதீங்க. நானும் எடுத்தேன், அதனாலதான் சொல்றேன். இட்லி மாவைப் பொங்க வைக்கிற கிருமி கேஸ் விடுற ஜாதி, அது சீஸுக்குள்ள போனாலும் அதே வேலையைத்தான் செய்யும். மாவு ஆட்டுற அன்னிக்கு சீஸும் செய்யாதீங்க, ரெண்டுக்கும் ஒரு நாளாவது இடைவெளி விடுங்க, மேடையைக் கொதிதண்ணி ஊத்தித் தொடைங்க. எங்க மதினிக்கு இதைச் சொன்னப்ப நம்பல, அவங்க செஞ்சது மறுநாள் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா நின்னுச்சு, துணியை மாத்தினதும் சரியாப்போச்சு.

6. செய்முறை, நேரத்தோட (2 லிட்டர் பசும்பாலுக்கு)

காலை 6 மணி: பால் வந்ததும் 63 டிகிரி, 30 நிமிஷம். ஐஸ் தண்ணியில ஆற வச்சு ஃப்ரிட்ஜுக்குள்ள.

7.30: பால் நல்லா சில்லுன்னு, 12 டிகிரிக்குள்ள இருக்கணும். 3.5 கிராம் சிட்ரிக் ஆசிட்டை 100 மில்லி தண்ணியில கரைச்சு, கிண்டிக்கிட்டே ஊத்துங்க. நம்ம ஊர்ல வெளிய வச்ச பால் 30 டிகிரிக்கு மேல இருக்கும், அதுல ஊத்தினா ஊத்தின இடத்துலயே திரிஞ்சிரும். சில்லுன்னு இருந்தாத்தான் புளிப்பு எல்லாப் பக்கமும் சமமாப் பரவும்.

7.40: சிம்ல வச்சு 32 டிகிரிக்குக் கொண்டு வாங்க. அவசரப்படாதீங்க, 10 நிமிஷமாவது ஆகணும். அடுப்பை அணைச்சிட்டு, 50 மில்லி தண்ணியில கரைச்ச ரென்னட்டை ஊத்தி, அரை நிமிஷம் மேலயும் கீழயுமாக் கிண்டி, மூடி போட்டு வைங்க. சட்டியை நகத்தவோ, திறந்து திறந்து பாக்கவோ கூடாது.

8 மணி: புளிப்பு சேத்திருக்கறதால 5லேர்ந்து 10 நிமிஷத்துலயே உறைஞ்சிரும். கத்தி டெஸ்ட் பண்ணுங்க. பொளவு சரியா இல்லைன்னா இன்னும் 10 நிமிஷம். ஓரத்துல தெரியிற தண்ணி வெளிர் பச்சையாத் தெளிவா இருக்கணும். சரியா நின்னதும் ஓரிஞ்ச் சதுரமா வெட்டி, 5 நிமிஷம் தொடாம விடுங்க.

8.15: திரும்ப சிம்ல வச்சு, பையக் கிண்டிக்கிட்டே 41 டிகிரி. கட்டிகள் சுருங்கி ஒண்ணோட ஒண்ணு ஒட்டப் பாக்கும். துணியில வடிகட்டுங்க, பிழியாதீங்க, தானா வடியட்டும்.

8.30: இழுக்கறதுக்கு முன்னாடி ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து, 80 டிகிரி சுடுதண்ணியில ஒரு கரண்டியில வச்சு ஒரு நிமிஷம் முக்கி எடுத்து இழுத்துப் பாருங்க. பளபளன்னு நூலா இழுபட்டா மிச்சத்தையும் சுடுதண்ணியில போடுங்க. கட்டியோட உள் சூடு 57லேர்ந்து 60 வரணும், தண்ணியோட சூடு மட்டும் பத்தாது. கைக்கு ரப்பர் கிளவுஸ் போட்டுக்கோங்க, கொப்புளம் வந்திரும். உப்பைத் தூவி, நாலஞ்சு தடவை மடிச்சு இழுத்து, பளபளப்பு வந்ததும் நிறுத்துங்க. உருட்டி ஐஸ் தண்ணியில 15 நிமிஷம் போட்டா உருவம் நிக்கும்.

கத்திரி வெயில் சமயத்துல 9 மணிக்கு மேல ஆரம்பிக்கவே வேணாம். முந்தின நாளே மறுநாள் கரண்ட் கட் இருக்கான்னு பாத்துக்கோங்க, மாசாந்திரப் பராமரிப்புன்னு காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எடுத்தாங்கன்னா ஃப்ரிட்ஜும் இல்ல, ஐஸும் இல்ல.

7. என்ன கோளாறு, எங்க தேடுறது

உறையவே இல்ல: பால் கொதிச்சதா, யுஎச்டியா, ரென்னட் பழசா, குழாய்த் தண்ணியில கரைச்சீங்களா, இந்த வரிசையில பாருங்க. இன்னொரு டோஸ் ரென்னட் ஊத்திப் பாக்கலாம்னு தோணும், ஊத்தாதீங்க, கசக்கத்தான் செய்யும். 45 நிமிஷம் ஆகியும் நிக்கலைன்னா அப்படியே 85 டிகிரிக்கு சூடு பண்ணுங்க, திரிஞ்சிரும், வடிகட்டினா பன்னீர் மாதிரி ஒண்ணு கிடைக்கும். பாலைக் கீழ ஊத்த வேண்டாம்.

உறைஞ்சுச்சு, வெட்டினா குழைஞ்சுபோகுது, வடியிற தண்ணி வெள்ளையா இருக்கு: அவசரப்பட்டு வெட்டிட்டீங்க, இல்லைன்னா ஹோமோஜெனைஸ் பண்ணின பால். வெள்ளையா இருக்கற தண்ணியோட உங்க கொழுப்பும் புரதமும் போகுதுன்னு அர்த்தம். அடுத்த தடவை 10 நிமிஷம் கூட விடுங்க, வெட்டினப்புறம் கிண்டாம இருக்கற அந்த 5 நிமிஷத்தை 10 ஆக்குங்க.

இழுபடல, உதிருது: இது வந்தா எல்லாரும் இன்னும் சூடாக்குவாங்க. முதல்ல உள் சூட்டை அளந்து பாருங்க, 57 இல்லைன்னா அதுதான் காரணம். 60 இருந்தும் உதிருதுன்னா புளிப்புல தப்பு. சிட்ரிக் ஆசிட் போட்டு செய்றதுல கட்டி இழுபடணும்னா அதோட பிஎச் (புளிப்பைக் காட்டுற எண், குறையக் குறையப் புளிப்பு கூட) 5.6 கிட்ட இருக்கணும். சிட்ரிக் ஆசிட் கூடிப்போச்சுன்னா மாவு மாதிரி உதிரும், வாயில போட்டா புளிக்கும். குறைஞ்சுபோச்சுன்னா ரப்பர் மாதிரி இருக்கும், இழுத்தா அறுந்து அறுந்து வரும், புளிப்பே தெரியாது. உதிர்ற பக்கம்னா அடுத்த தடவை 0.3 கிராம் குறைங்க, அறுற பக்கம்னா 0.3 கூட்டுங்க. காலையில கறந்து மத்தியானம் வரைக்கும் வெளிய இருந்த பால்னா அதுலயே புளிப்பு ஏறியிருக்கும், அதையும் கணக்குல எடுங்க. பிஎச் பேப்பர்ல இந்த நுணுக்கம் தெரியாது, வாங்கி ஏமாற வேணாம், நெல்லிக்காய் டெஸ்ட்டே போதும்.

இழுபட்டுச்சு, ஆனா ஆறினதும் கல்லு மாதிரி: புரோட்டா மாவு அடிக்கிற மாதிரி இழுத்துட்டே இருந்திருப்பீங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் கொழுப்பும் ஈரமும் வெளிய போகுது.

கசக்குது: ரென்னட் கூட, இல்ல கால்சியம் கூட, இல்ல ஃப்ரிட்ஜ்ல நாலஞ்சு நாள் கிடந்த பால்.

கட்டி பஞ்சு மாதிரி ஓட்டை விழுந்து மிதக்குது, கெட்ட வாடை அடிக்குது: ருசி பாக்காதீங்க. தூக்கிப் போடுங்க. கேஸ் விடுற கிருமி உள்ள போயிருச்சு, சாணி வழியா வர்ற கோலிஃபார்ம்ங்கிற கிருமி கூட இப்படித்தான் பண்ணும். துணி, பாத்திரம், கரண்டி எல்லாத்தையும் கொதிக்க வச்ச அப்புறம்தான் அடுத்த தடவை.

உப்புத்தண்ணியில போட்டு வச்சேன், மேல வழுவழுன்னு ஆயிருச்சு: ஃபெட்டா மாதிரி செஞ்சு வைக்கிறவங்களுக்கு வரும். வெறும் உப்புத்தண்ணி சீஸ்ல இருக்கற கால்சியத்தை இழுத்துக்கும், அதான் மேல் பக்கம் கரையுது. 1 லிட்டர் தண்ணிக்கு 80லேர்ந்து 100 கிராம் கல்லுப்பு, ஒரு ஸ்பூன் வினிகர், துளி கால்சியம் குளோரைடு, இல்லைன்னா சீஸ்லேர்ந்து வடிஞ்ச தண்ணியிலயே உப்பைக் கரைச்சு அதுல போட்டு வைங்க.

8. நோட்டும் செலவும்

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க, ஒரு முயற்சிக்கு ஒரு பக்கம். தேதி, பால் எங்க வாங்கினது, எத்தனை மணிக்குக் கறந்தது, சிட்ரிக் ஆசிட் எவ்வளவு, ரென்னட் எவ்வளவு, எத்தனை நிமிஷத்துல உறைஞ்சது, கடைசியில எத்தனை கிராம். பால் பாக்கெட்டோட லேபிளையும் வெட்டி அந்தப் பக்கத்துல ஒட்டிருங்க, ரென்னட் பில், காலாவதி தேதி எல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும். ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாத்துங்க. நான் பாலையும் ரென்னட்டையும் ஒரே நாள்ல மாத்தினேன், நல்லா வந்துச்சு, எதனால வந்துச்சுன்னு தெரியாம அடுத்த ரெண்டு தடவையும் கெட்டுப்போச்சு.

எனக்கு ஆன செலவு: தெர்மாமீட்டர் 350, தராசு 480, ரென்னட் கூரியரோட 420, எலுமிச்சை உப்பு 40. ஒரு தடவைக்கு பால் 2 லிட்டர் 140 ரூபா, மத்ததெல்லாம் சேத்து 15, 20 ரூபா. 2 லிட்டர்ல 200லேர்ந்து 230 கிராம் மொசரெல்லா வரும். கடையில வாங்குறதை விட இது மலிவுன்னு யாராவது சொன்னா நம்பிராதீங்க, கிட்டத்தட்ட அதே விலைதான் ஆகுது, கெட்டுப்போற முயற்சியையும் சேத்தா கூடத்தான். அன்னிக்குச் செஞ்ச சீஸோட ருசிக்காகச் செய்றதுன்னா செய்ங்க.

நல்லா வருதுன்னதும் அக்கம்பக்கத்துல விக்கலாம்னு தோணும். ஒரு பாக்கெட் வித்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேணும், ஆன்லைன்லயே பண்ணலாம், ஃபோட்டோ, அடையாள அட்டை, முகவரிச் சான்று தயாரா வச்சுக்கோங்க. ஆனா பத்து தடவை தொடர்ந்து ஒரே மாதிரி வராம அதுக்குள்ள போகாதீங்க, பால் சாமான், வெயில் ஊரு, அடுத்தவங்க வயித்துல போற விஷயம்.

9. எடுத்து வைக்கிறதும் மிச்சத் தண்ணியும்

மொசரெல்லாவை மூடின டப்பாவுல ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சு 4, 5 நாளுக்குள்ள முடிச்சிருங்க. பீட்சாவுக்குன்னா துருவி ஃப்ரீசர்ல போட்டுக்கலாம். புதுசா செஞ்ச சீஸ் மேல ரோஸ், கருப்புன்னு பூஞ்சை வந்தா அந்த இடத்தை மட்டும் சுரண்டிட்டு சாப்பிடுறது வேணாம், மொத்தமாப் போட்டுருங்க, மெத்துன்னு இருக்கற சீஸ்ல அது கண்ணுக்குத் தெரியாம உள்ள வரைக்கும் போயிருக்கும்.

வடிஞ்ச தண்ணி 2 லிட்டருக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல வரும். அதைக் காய்ச்சி ரிக்கோட்டா எடுக்கலாம்னு எல்லா வீடியோவுலயும் சொல்றாங்க, சிட்ரிக் ஆசிட் போட்ட தண்ணியில ஒரு கைப்பிடிகூடத் தேறாது, கேஸ்தான் வீண். சப்பாத்தி மாவு பெசைய நல்லா இருக்கும், மெத்துன்னு வரும். உப்பு போடுறதுக்கு முன்னாடி வடிச்சதா இருந்தா எங்க பால்காரண்ணே மாட்டுக்குத் தவிட்டுல கலந்து வைக்கிறேன்னு மறுநாள் தூக்குச்சட்டியில வாங்கிட்டுப் போறாரு, அதனால இப்பெல்லாம் அதை ஃப்ரிட்ஜ்ல எடுத்து வச்சு ஞாபகமாக் குடுத்து விட்டுர்றோம்.